யாரும் திட்டாத ஊர்

நிஸ்க முனை
1985 ஜூலை 9

மச்சான் ஸைலசுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்பதை நம் ஊருக்கு விமானம் ஓட்டிவரும் பைலட்டின் வாயைக் கிளறித்தான் தெரிந்துகொண்டேன். ரயில் முடியும் ஊரில், ஸ்டேஷனுக்கு எதிர் ஹோட்டலில் தட்டு கழுவுகிறாயாம். கல்யாணமானதிலிருந்து என் தங்கை ஹாட்டிக்கு ஒரு கோப்பை கழுவிக் கொடுக்காதவன் ஊரான் தட்டைக் கழுவப் போயிருக்கிறான் என்று கடையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹாட்டி மட்டும் மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஊர் ஆபீஸ் போனிலிருந்து இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "அவரு கை ஈரமா இருக்காம்" என்று சொல்லி அந்த ஹோட்டல்காரம்மா வைத்துவிட்டாள். கடிதத்தை ஈரக் கையோடும் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். வயர்லெஸ்ஸில் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் கடலோரத்து வேட்டை முகாம் அத்தனையும் காதைத் தீட்டிக்கொள்ளும். எனக்கு எழுத்து சுமாராகத்தான் வரும். சிரிக்காதே.

ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஊர்ப் பொது ஃப்ரீசர் சாவி இன்னும் உன் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. இறைச்சி வைக்க வருகிறவர்கள் ஹாட்டியிடம் கேட்டு வாங்கிப் போய், திரும்பக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். ஊர்த் தலைவர் ஒருநாள் வந்து உட்கார்ந்து இரண்டு கோப்பை டீ குடித்தார். சாவியைப் பார்த்தார். மீன் பாடு எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் மகள் பியூலா மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சீக்கிரம் பிடியை விட்டுவிடுவாள். வாசலிறக்கச் சடங்கு நடக்கும்வரை அவள் கால் வெளி மண்ணில் படக்கூடாதே, அதனால் கதவருகில் எப்போதும் ஒரு ஆள் காவல் வேண்டியிருக்கிறது. கூடாரத்திலிருந்து அவள் கையைப் பிடித்து வெளியே நடத்தி வரவேண்டியவன் நீ. செத்துப்போன அப்பன்களுக்கு விலக்கு உண்டு. நீ செத்துவிட்டாயா என்று எழுது.

மல்கம்

*

ஜூலை 22

மல்கம்,

சாகவில்லை.

இங்கே எனக்கு என்ன வேலை தெரியுமா? தட்டுகளை வழித்துத் தொட்டியில் கொட்டுவது. பாதி தின்ற இறைச்சி, கடித்துப் பார்த்துவிட்டு வைத்த இறைச்சி, தொடாத இறைச்சி. கொட்டும்போது யாருக்கும் எதுவும் ஆவதில்லை. எனக்கு ஏற்ற வேலைதான் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது உனக்குத் தெரியாததா? இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் வேறு மாதிரி முடியுமோ என்னவோ. காற்று ஊரிலிருந்து கடல் பக்கம் அடித்தது. ஃப்ரீசர் மோட்டார் சத்தத்துக்கு வாத்துகள் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. காலையில் மோட்டாரை நிறுத்தினேன். குளிர்தான் இருக்கிறதே, சாயங்காலம் போட்டுவிடலாம் என்றுதான் நிறுத்தினேன். அப்புறம் உன்னோடு வேட்டைக்கு அக்கரைக்கு வந்தேன். அன்றைக்கே ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து ஓடி, கடக்க வழியில்லாமல் போனது. தெற்கிலிருந்து வெயில் காற்று வந்தது. சில நாள் கழித்து ஆறு வழிவிட்டு நாம் திரும்பி வந்தபோது, கதவைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் முழுவதும் குளிர்காலமெல்லாம் சேர்த்த மூஸ் மான் இறைச்சி. எமிலைன் அத்தையின் மகன் அவளுக்கென்று விட்டுப்போன கடைசி மூஸ். எல்லாவற்றையும் காட்டுக்குள் கொண்டுபோய், பாசியை விரித்து, பெரியவர்கள் அந்த விலங்குகளிடம் மன்னிப்புக் கேட்டு எரித்தார்களே, அப்போது ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த நாள் என் வாசலில் இறகு பறித்துச் சுத்தம் செய்த ஒரு வாத்து தொங்கியது. அதற்கடுத்த நாள் இரண்டு. முடிச்சைப் பார்த்தாலே யார் கட்டியது என்று தெரியும். முதல் வாத்து அத்தை கட்டியது. அவள் இறைச்சியை நான் அழுக வைத்தேன், அவள் என் பிள்ளைக்குச் சூப் வைக்கக் கொடுக்கிறாள். அதைத் தின்ன வாய் வரவில்லை. தின்னாமல் வைத்தால் அதுவும் கெடும். அதனால்தான் போனேன்.

சாவியை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்.

ஸைலஸ்

*

நிஸ்க முனை
ஆகஸ்ட் 3

மச்சான்,

'மச்சான்' என்ற வார்த்தையை உன் கடிதத்தில் தேடித்தேடிப் பார்த்தேன். காணோம். அதையும் தொட்டியில் கொட்டிவிட்டாயா?

சாவி விஷயத்தைத் தலைவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்தார். "காத்து திரும்புது" என்றார். அவ்வளவுதான். நம் ஆட்களை உனக்குத் தெரியாதா? ஒருவன் தன் வழியில் போனால் போகட்டும், வந்தால் வரட்டும் என்று இருப்பார்கள். வா என்று கூப்பிடுவதும் அவர்களுக்கு அடுத்தவன் காலைப் பிடித்து இழுப்பது மாதிரிதான்.

எனக்கு ஒன்று எழுதவேண்டும். சுற்றி வளைத்துத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள். உன் கடிதத்தில் 'மோட்டாரை நிறுத்தினேன்' என்று எழுதியிருந்தாய். யார் சொல்லி நிறுத்தினாய் என்பதை எழுதவில்லை. கடை வாசலில், அத்தனை பேர் முன்னால், "உன் குறட்டைக்காரனைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லு மச்சான், வாத்தெல்லாம் பயப்படுது" என்று சொன்னது யார்? நான்தான். வேட்டைக்கு யார் எங்கே உட்காருவது, எப்போது சுடுவது என்று சொல்லும் பொறுப்பை அப்பாவுக்குப் பிறகு என்னிடம் கொடுத்த முதல் வருஷம். என் வார்த்தைக்கு ஊர் அடங்குகிறதா என்று பார்க்க ஆசை. நீ சிரித்துக்கொண்டே போய் நிறுத்தினாய். அக்கரைக்கு வா என்று கூப்பிட்டதும் நானே.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். நேரில் நின்று கேட்டவர்கள்தானே. ஆனாலும் நீ போய்விட்டாய், நான் இங்கேயே உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஏதாவது சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்துவிடுகிறார்கள்.

பியூலா பிடியை விட்டுவிட்டாள். நேற்று அடுப்பிலிருந்து கட்டில்வரை தனியாக நடந்தாள். ஹாட்டி கையைத் தட்டவில்லை, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நீ பார்க்கவேண்டியதை நான் பார்த்துவிட்டேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மல்கம்

*

ஆகஸ்ட் 15

மச்சான்,

எழுதிவிட்டேன், போதுமா?

மோட்டாரை நிறுத்தச் சொன்னதற்காக நீ வருத்தப்படாதே. ஊரில் யார் கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பேன். வாத்து வரும் காலத்தில் நாய்க்குக்கூட வாயைக் கட்டுகிற ஊர் நம்முடையது. என்னை அரிப்பது அதுவல்ல.

முகாமில் தினமும் சாயங்காலம் வயர்லெஸ் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? யாருக்கு எத்தனை கிடைத்தது, யார் படகு ஒழுகுகிறது என்று எல்லா முகாமும் பேசின. ஊரில் இருந்த அத்தையும் பேசினாள். "இங்க ஊரே கப்சிப்னு கிடக்கு. நல்லா இருக்கு. நல்லா சுடுங்க பிள்ளைங்களா" என்றாள். அவள் வீட்டிலிருந்து ஃப்ரீசர் ஸ்விட்ச் எவ்வளவு தூரம்? கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்த அமைதி எதனால் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாத்துக் காலத்து மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். கடை வாசலில் நீ சொன்னதைக் கேட்டவர்கள் முகாம்களுக்குப் போய்விட்டார்கள், ஊரில் மிஞ்சிய எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். 'அத்தை, அந்த மோட்டாரைப் போட்டுவிடு' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

சொல்லவில்லை மச்சான். கடலோரம் முழுக்கக் கேட்குமே, 'ஸைலஸ் மறந்துட்டானாம்' என்று பேசுவார்களே என்று நினைத்தேன். நாளைக்கு ஆறு வழிவிட்டுவிடும், ஓடிப்போய்ப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன். ஒரு சின்ன வெட்கத்தைக் காப்பாற்றப் போய்ப் பெரிய வெட்கத்தில் விழுந்தேன். இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். மாடிப்படி ஏறும்போதும் அத்தை குரல்தான் கேட்கிறது.

பிள்ளை நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போகாமல் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாசலிறக்கம் என்றைக்கு வைப்பதாக இருக்கிறீர்கள்? சொன்னால் வருகிறேன். ஒருநாள் வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஸைலஸ்

*

நிஸ்க முனை
ஆகஸ்ட் 28

மச்சான்,

செப்டம்பர் ஏழு, சனிக்கிழமை, விடியும்போது. நீ வெள்ளிக்கிழமை விமானத்தில் வா. கூடாரம் போட்டாகிவிட்டது, வாசல் கிழக்கு பார்த்து. ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள் வெட்டிப் பாதை விரிக்க வேண்டியதுதான் பாக்கி. நானும் இரண்டு பேரும் ஆற்றில் மேலே போய் ஒரு மூஸ் அடித்தோம். விருந்துக்குப் போதும். அது ஃப்ரீசரில் இருக்கிறது. மோட்டார் ஓடுகிறதா என்று ஊரே தூக்கத்தில்கூடக் காது கொடுத்துக் கேட்கிறது. இதை ஜோக் என்று எழுத ஆரம்பித்தேன். நிஜமாகவே அப்படித்தான்.

அந்த வயர்லெஸ் விஷயம். அத்தை பேசியபோது மைக் யார் கையில் இருந்தது? என் கையில். 'உன்னை நல்லாக் கேட்குது அத்தை' என்று பதில் சொன்னதும் நான். சொல்லிக்கொண்டே உன்னைப் பார்த்தேன். நீ பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாய். ஏற்கனவே கட்டியிருந்த கயிறு. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி வாத்துக் கணக்கைப் பேச ஆரம்பித்தேன். வேட்டைத் தலைவனான முதல் வருஷமே 'நாங்க மறந்துட்டோம்' என்று கடலோரம் முழுக்கச் சொல்வதா என்று எனக்கும் நாக்கு மடங்கிப்போனது. நீ தனியாகச் செய்ததாக நினைத்து அங்கே குமைகிறாய். நாம் இரண்டு பேரும் ஒரே நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்துதான் அதைச் செய்தோம்.

என் வாசலில் யாரும் வாத்து தொங்கவிடவில்லை. விட்டிருந்தால் நானும் ஓடியிருப்பேனோ என்னவோ.

ஹாட்டியிடம் நீ வருகிறாய் என்று சொன்னேன். உன் சட்டைகளை எடுத்து வெளியே காயப்போட்டிருக்கிறாள்.

மல்கம்

*

செப்டம்பர் 9

மல்கம்,

நீ பார்த்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினாய், அப்புறம் இறக்கிக்கொண்டாய்.

இறங்கத்தான் வந்தேன். புதுத் தொப்பிகூட வாங்கினேன். விமானம் நின்று தூசி அடங்கியதும் பார்த்தால் பாதி ஊர் ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்கிறது. ஹாட்டி பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தாள். பிள்ளை காலில் புது மொக்கசின், தோல் காலணி. கால் தரையில் படாமல் இரண்டு பாதத்தையும் ஒரு கையில் ஏந்திப் பிடித்திருந்தாள். என்னமாய் வளர்ந்துவிட்டாள். பக்கத்தில் எமிலைன் அத்தை, துணி போட்டு மூடிய பானையோடு. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பசியோடு வருவான் என்று ஆக்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அந்தப் பானையைப் பார்த்ததும் கால் எழவில்லை. எல்லா முகமும் சிரித்த முகம். யாராவது ஒருவர் முறைத்திருந்தால் இறங்கியிருப்பேன். ஒருவர் தரையில் காறித் துப்பியிருந்தால் ஓடி வந்திருப்பேன். "இறங்கலையா?" என்று பைலட் கேட்டான். அடுத்த ஊருக்கு என்று பொய் சொன்னேன். அடுத்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே போய் அதே விமானத்தில் திரும்பினேன். வரும் வழியில் நம் ஊருக்கு மேலே பறந்தது. கூடாரத்துப் புகை தெரிந்தது. நான் எதிர்ப் பக்க ஜன்னலுக்கு மாறிக்கொண்டேன்.

என்னைத் திட்டு மல்கம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸைலஸ்

*

நிஸ்க முனை
செப்டம்பர் 17

மச்சான்,

திட்ட உட்கார்ந்தேன். முதல் தாளில் 'நீ ஒரு' என்று எழுதிவிட்டு என்ன என்று யோசித்ததிலேயே டீ ஆறிப்போனது. இரண்டாவது தாளில் கொஞ்சம் காரமாக வந்தது, படித்துப் பார்த்தால் எனக்கே பொருந்தியது. இரண்டையும் அடுப்பில் போட்டேன். நம் வீடுகளில் யார் யாரைத் திட்டினார்கள், நான் கற்றுக்கொள்ள? உன்னைக் கிண்டல் பண்ணத்தான் எனக்கு வரும். கிண்டல் பண்ணவும் இப்போது மனசு வரவில்லை.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். விமானம் போனபிறகு கூட்டம் கலைந்தது. அத்தை பானையைக் கொண்டுவந்து உன் வீட்டு அடுப்பில் வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை விடிந்தது. எல்லோரும் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு அவரவர் வீட்டு வாசலில் நின்றார்கள். ஹாட்டி வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

சாயங்காலம் அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அடுத்த பிளேன் எப்போ?" அதற்கப்புறம் காய்ந்த கிளைகளையெல்லாம் அள்ளி எறிந்துவிட்டுப் புதிது வெட்டப் போனாள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கோடாலியோடு. நான் வெட்டுகிறேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோடாலி அவள் கையில் இருந்ததால் நான் மேலே பேசவில்லை.

வாத்துகள் தெற்கே போகத் தொடங்கிவிட்டன. இறைச்சியை வீணாக்கிய கோபத்தில் குண்டுக்கு எட்டாமல் உயரப் பறந்துவிடுமோ என்று கோடை முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். தாழத்தான் பறக்கின்றன. வீணாக்கிய நமக்கு அவை கொடுக்கும் பதில் இது. நான் மறைவில் உட்கார்ந்து துப்பாக்கியைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் உனக்குப் போலத்தான், கை வரவில்லை. "மாமா, சுடலாமா?" என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். சுடுங்கள் என்றேன்.

இனிமேல் ஒத்திப்போட முடியாது. பிள்ளை ஓடுகிறாள். கதவுத் தாழ்ப்பாளை எட்டப் பார்க்கிறாள். பனி விழுந்துவிட்டால் வசந்தம்வரை அவளை இடுப்பிலேயே சுமக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, நீ வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும். வராவிட்டால் அவள் கையை நான் பிடித்து வெளியே கூட்டி வரவேண்டும். பாதை முடிவில் இருக்கும் மரத்தைச் சுற்றிவந்து அவள் சுமக்கிற விறகை, அப்பன் என்ற இடத்தில் நின்று நான் வாங்கவேண்டும். என்னால் செய்ய முடியும். ஆனால் அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று தெரியவில்லை.

மல்கம்

*

செப்டம்பர் 27
விமானத்துக்குள்

மச்சான்,

மடிமேல் வைத்து எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். விமானம் இறங்கியதும் இதைப் பைலட்டிடம் கொடுத்து உன்னிடம் தரச் சொல்வேன். நீ படிக்கும்வரை நான் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஹோட்டலில் கணக்கை முடித்துக்கொண்டுவிட்டேன். ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. திரும்பிப் போக வேறு இடம் இல்லை.

ஆனால் அந்தச் சிரித்த முகங்களுக்கு நடுவில் நடந்துபோக எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் ஒரு உதவி கேட்கிறேன். நீ ஏறி வந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்று, ஊரே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. இறைச்சிக்கு, வயர்லெஸ்ஸுக்கு, போன தடவை இறங்காமல் போனதற்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து. அத்தை காதில் விழ வேண்டும். அப்படித் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு உன் பின்னாலேயே இறங்கிவிடுவேன். நம் ஊரில் வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்காக ஒரே ஒரு தடவை செய்.

ஆறு தெரிகிறது. இறங்குகிறோம்.

ஸைலஸ்

*

(அதே தாளின் பின்பக்கத்தில், பென்சிலில்)

மச்சான்,

எனக்குத் திட்ட வராது என்று எழுதியிருந்தேனே. தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நின்றேன். ஹாட்டி பிடுங்கிப் படித்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு விமானத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் பேசாமல் சேர்த்து வைத்தது அத்தனையும் வருகிறது. இதைப் பைலட்டிடம் கொடுத்தனுப்புகிறேன், ஆனால் உன்னிடம் அவள்தான் முதலில் வந்து சேர்வாள். படியில் கால் வைக்கும் முன்பே திட்டத் தொடங்கிவிட்டாள். ஊரே வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறது.